மங்கிய பச்சை

செவ்வாயின் குமிழ்நகரில் பிள்ளை பெற விரும்பும் தம்பதியருக்கு நிர்வாகம் முதலில் ஒரு பச்சோந்தியைக் கொடுக்கும். மூச்சுக்காற்றையே அளந்து தருகிற ஊர். கேட்டவர்களுக்கெல்லாம் குழந்தை என்றால் கட்டுப்படியாகுமா? ஆண்டு முடிவில் ஆய்வாளர் நிறமானியோடு வருவார். பச்சோந்தியின் தோலில் மஞ்சளும் சிவப்பும் ஜொலித்தால் வீட்டில் மகிழ்ச்சி பொங்குகிறது என்று பொருள். உடனே மகப்பேற்று அனுமதி.

நறுமுகையின் வீட்டுப் பச்சோந்தி ஜொலிக்கவே இல்லை. முதல் ஆண்டு தோல்வி. கல் அறுக்கும் சுரங்கத்திலிருந்து வழுதி வந்ததும் கணவனும் மனைவியும் தோளோடு தோள் சாய்ந்து பயறு உரிப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது. பச்சோந்தி ஒரு கண்ணை அவன்மேலும் மறு கண்ணை அவள்மேலும் வைத்தபடி கிளையிறங்கி வந்து ஒரு பூச்சியை விழுங்கிவிட்டு, மங்கிய பச்சையில் அப்படியே கண்ணயரும். அந்தப் பச்சைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் ஆண்டும் ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"நிறமே ஏறலையேம்மா. வீடு செத்துக் கிடக்குது."

"அது நிம்மதியா இருக்கு சார். முன்னால ஒரு கண்ணாடிய வைங்க, எப்படி ஜொலிக்குதுன்னு பாருங்க. எதிரி வந்துட்டான்னு மிரண்டு ஜொலிக்கும். அதுக்குப் பேரு சந்தோஷமா?"

"பச்சோந்திக்கு நீங்க வக்கீலா? கையேட்டுல இருக்கறதத்தான் நான் பார்க்க முடியும். இன்னும் ஒரே ஒரு வருஷம்."

அவர் போனதும் வழுதி தட்டைத் தள்ளி வைத்தான்.

"வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

கல்யாணமாகி ஆறு ஆண்டில் அவன் அப்படிப் பேசியதே இல்லை.

"நான் பேசாம இருந்தா மட்டும் உங்களுக்குப் புள்ள வந்து குதிச்சிருமா?" என்றாள் அவளும்.

அன்று தொடங்கியது. யாரால் அனுமதி கிடைக்கவில்லை என்பதில் ஆரம்பித்து, யார் வீட்டார் எப்படி என்பதுவரை போனது. பயறு உரிப்பது நின்றது. வழுதி சுரங்க விடுதியிலேயே தங்கத் தொடங்கினான். வந்தால் சண்டை. கைகளை வீசி மோதும் இரண்டு பெரிய பிராணிகளைப் பார்த்துப் பச்சோந்தி உடலைத் தட்டையாக்கிக்கொண்டு, தொண்டை புடைக்க, தீக்கங்குபோல் சிவந்து நின்றது. இரை எடுப்பதையும் குறைத்துக்கொண்டது.

மூன்றாம் ஆண்டு ஆய்வுக்கென்றே வழுதி விடுதியிலிருந்து வந்தான். ஐந்து நிமிடம் தாமதம். அதற்கொரு சண்டை. கதவு தட்டும் ஓசையில்தான் இருவரும் வாயை மூடினார்கள்.

நிறமானியின் முள் எல்லைக்கே ஓடியது.

"அடேயப்பா! இதல்லவா வீடு!" ஆய்வாளர் அனுமதிச் சீட்டை நீட்டினார். "ஊர்ப்பலகைக்கு ஒரு படம். நெருங்கி நில்லுங்க. தம்பி, தோள்ல கை போடுங்க. சிரிங்கம்மா."

வழுதி கை போட்டான். நறுமுகை சிரித்தாள். அவர் படத்தை ஏற்றிவிட்டுக் கிளம்பினார்.

வழுதி கையை எடுத்தான். சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான்.

"இதுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்றாள் அவள்.

"எதுக்கு?" என்றான். கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஊர்ப்பலகைத் திரையில் வாழ்த்துகள் முந்நூறைத் தாண்டியிருந்தன. 'கண்ணு பட்டுடப் போகுது' என்று யாரோ எழுதியிருந்தார்கள். நறுமுகை தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஓர் இதயத்தை அனுப்பிக்கொண்டிருந்தாள்.