அத்தையின் குரல் எங்கே?

வீட்டில் எல்லோரும் அவளை நண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பொந்து, பெட்டி, இழுப்பறை எதைக் கண்டாலும் கையை விட்டுப் பார்த்துவிடுவாள்.

அன்று அவள் கை அப்பாவின் பீரோவுக்குள் போனது. துணியில் சுற்றிய ஒரு சிடி கிடைத்தது. அதன்மேல் நீலப் பேனாவால், ‘அக்கா சொன்ன கதை. மிகவும் பத்திரம்’ என்று எழுதியிருந்தது. அப்பா எதையும் அழுத்தித்தான் எழுதுவார்.

நண்டு அதை எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினாள். அப்பாவின் அக்கா, அதாவது நண்டுவின் அத்தை, அவர்களோடுதான் இருந்தார். நண்டு தவழ்ந்த காலத்தில் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து அவருக்குக் குரல் போய்விட்டது. சொல்ல வேண்டியதைச் சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவார்.

“அத்தை, உங்க குரல் எப்படி இருக்கும்?”

‘எனக்கே மறந்துபோச்சு. ஒரு தடவை கேக்கணும்போல இருக்கு’ என்று எழுதினார் அத்தை.

சிடியைக் கணினியில் போட்டார்கள். அது கரகரவென்று சுற்றிவிட்டு, கசப்பு மருந்தைத் துப்புவதுபோல் சிடியை வெளியே தள்ளியது.

அப்பாவும் நண்டும் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் சிடியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார்.

“பேனாவால அழுத்தி எழுதினது யாரு?”

அப்பா கூரையைப் பார்த்தார்.

“எழுதுற பக்கத்துக்கு ஒட்டினாப்லதான் சார் எல்லாம் பதிஞ்சிருக்கும். அங்க கீறல் விழுந்தா அவ்வளவுதான். எழுதாம இருந்தாலும் வருஷம் ஆக ஆக மங்கிடும்.”

“பென்டிரைவ்ல வெச்சிருந்தா?” என்றாள் நண்டு.

“ரொம்ப வருஷம் செருகாமலே கிடந்தா அதுவும் மறந்துபோகலாம்.”

“ஹார்ட் டிஸ்க்?”

“சுத்துற சாமான் ஒருநாள் நிக்கும்.”

“அப்போ எதுதான் அழியாது?”

“அப்படி ஒண்ணும் இல்ல பாப்பா. ஒண்ணு போறதுக்குள்ள இன்னொண்ணுல நகல் எடுத்துடணும்.”

வழியெல்லாம் நண்டு ‘நகல், நகல்’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள். “இந்த சிடியை யாருக்காவது குடுத்தோமா?”

“நானா? யார் கையும் படவிடலயே” என்றார் அப்பா.

அடுப்படியில் அம்மாவின் கரண்டி நின்றது.

“மாடி வீட்டு அக்காவுக்கு ஒருநாள் குடுத்தேன். அவங்க பையன் கதை கேக்காம சாப்பிட மாட்டான்னாங்க. உங்கப்பாகிட்ட சொன்னா குதிப்பார்னு சொல்லல.”

நண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினாள்.

“அந்தக் கதையா? அப்பவே நகல் எடுத்துட்டேனே. எங்க சின்னவளுக்கும் அதுதான். போன் மாத்தறப்பல்லாம் முதல்ல அதைத்தான் ஏத்துவேன்” என்றபடி மாடி வீட்டம்மா போனோடு இறங்கி வந்தார்.

“ஒரு ஊர்ல ஒரு சோம்பேறி யானை இருந்துச்சாம்...”

கணீரென்ற குரல் கூடத்தை நிறைத்தது. நண்டு மூச்சுவிடாமல் கேட்டாள். அத்தையின் உதடுகளும் கூடவே அசைந்தன. கதை முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.

‘இவ்வளவு வேகமாவா பேசினேன்? யானைக்கே மூச்சு வாங்கியிருக்கும்.’

எல்லோரும் சிரித்தார்கள். நண்டு அத்தையைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்பா கதையைப் புதுப் பென்டிரைவில் ஏற்றினார். பிறகு அதைத் துணியில் சுற்றத் தொடங்கினார். நண்டு பீரோவின் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

“குடுங்கப்பா. எதிர் வீட்டிலயும் ஒரு பாப்பா இருக்கு.”

அப்பா தயங்கினார். அத்தை பலகையைத் தூக்கித் தம்பியிடம் காட்டினார்.

‘குடுடா.’