கவிழத் தெரிந்த சட்டகம்

தெய்வாத்தாளின் ஊரி மறுபடியும் கவிழ்ந்தது. பயிற்சிப் பாறையின் உச்சிக்கு ஒரு சாண் இருக்கும்போது முன்சக்கரம் பிடி விட்டது. வண்டி மெதுவாக மல்லாந்து, உருண்டு, அடிவாரத்தில் வந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

“அக்கா, இன்னைக்கும் சுமை உங்களுக்குத்தான்.” ஆறுச்சாமி தன் இயக்குபெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னான். “எம்பட ஊரியப் பாத்துத் தூக்குங்க. நோகாம வளத்தினது.”

“கல்லுச் சுமந்த தோளு தம்பி இது. நீயும் ஏறிக்கோ, சேத்தித் தூக்கிப்போடறேன்.”

கரட்டுப்பாளையம் மீட்பு நிலையத்தில் அது வழக்கம். கவிழ்த்தவர் அன்று எல்லாருடைய ஊரிகளையும் கொட்டகைக்குச் சுமக்க வேண்டும். நிலையம் வைத்த விதி அல்ல. ஓட்டுநர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. சுமைக்குப் பயந்தே எல்லாரும் கவிழாமல் ஓட்டப் பழகிவிட்டார்கள், தெய்வாத்தாளைத் தவிர.

பாறையூரி, சுருக்கமாக ஊரி, வெள்ளாட்டுக் குட்டி அளவு வண்டி; தள்ளி உட்கார்ந்து இயக்குபெட்டியால் ஓட்டுவது. உடம்பைவிட உயரமான நான்கு சக்கரம், நடுவில் சட்டகம், அதற்குள் மின்கலம். கல்குழி சரிந்தாலும் மலைச்சாலை இடிந்தாலும் ஆள் நுழைய முடியாத இடுக்கில் தண்ணீர்க் குழாயும் காற்றுக் குழாயும் இழுத்துக்கொண்டு போகும். தானே வழி பார்த்துப் போகும் பொறிகளை முன்பு விட்டுப் பார்த்தார்கள். கல்தூசியில் அவற்றுக்குக் கண் தெரியவில்லை. மனுசக் கைதான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

புதுமை சட்டகத்தில் இருந்தது. அதை யாரும் பட்டறையில் வளைத்துப் பற்றவைப்பதில்லை. மெல்லிய கம்பிகளைப் பின்னிய ஒரு கூட்டை நிலையம் கொடுக்கும். அந்தக் கம்பி நகருலோகம். எங்கே அடி படுகிறதோ அங்கே உலோகம் ஊர்ந்து வந்து தடிக்கும். அடி படாத இடத்திலிருந்து கரைந்து போகும். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுகிற மாதிரிதான். ஆனால் மொத்த எடை கூடாது. கனம் கூடினால் வண்டி ஏறாது, ஏறினாலும் தளர்ந்த கல் சரியும். ஆகவே ஓரிடம் தடித்தால் இன்னோரிடம் மெலிந்தே தீரும். ஓட்டுகிறவரின் கைதான் சட்டகத்தைக் கட்டியது.

ஆறுச்சாமியின் சட்டகம் பார்க்க அழகு. பலமெல்லாம் கீழே, அச்சுகளை ஒட்டி. மேலே நூல் மாதிரி. பக்கத்து நிலையங்களிலிருந்துகூட வந்து படம் பிடித்துப் போவார்கள். தெய்வாத்தாளுடையது முடிச்சு விழுந்த வேலங்கட்டை. எங்கெல்லாமோ புடைப்பு.

நிலையப் பொறியாளர் கஸ்தூரி அவளைக் கூப்பிட்டு ஏற்கெனவே சொல்லிவிட்டாள். மாதக் கடைசிக்குள் கவிழாமல் உச்சிக்கு ஏற்றவில்லை என்றால் அவள் இடத்துக்கு வேறு ஆள். தெய்வாத்தாள் ஜல்லி ஆலையில் கல் சுமந்து முழங்கால் இரண்டையும் தேய்த்துவிட்டு வந்தவள். உட்கார்ந்தபடி செய்யும் வேலை அவள் வாழ்க்கையில் இது ஒன்றுதான். இதை விட்டால் மறுபடியும் ஆலைக்குத்தான் போக வேண்டும். ஆலைக்குப் போக முழங்கால் இல்லை. அதனால் மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்திலும் பாறையடியில் உட்கார்ந்து ஏற்றிப் பார்ப்பாள். ஏற ஏறக் கவிழும்.

மாதம் முடியும் முன்னால் தெற்குக் கல்குழி சரிந்தது. பாரவண்டி ஓட்டும் நாச்சிமுத்து வண்டியோடு உள்ளே மாட்டிக்கொண்டார். கல்லில் காதை வைத்தால் அவர் தட்டுவது கேட்டது.

முதலில் ஆறுச்சாமியின் ஊரி போனது. தண்ணீர் வழிகிற மாதிரி கல்லுக்குக் கல் இறங்கியது. கூடி நின்றவர்கள் இயக்குபெட்டியின் திரையை எட்டிப் பார்த்தார்கள். பாதி வழியில் மேலிருந்து தேங்காய் அளவுக் கல் ஒன்று உருண்டு வண்டியின் முதுகில் விழுந்தது. பெரிய அடியில்லை. ஆனால் சட்டகம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. அடுத்த ஊரிக்கும் அதுவே நடந்தது, அதற்கு அடுத்ததற்கும்.

“தெய்வாத்தாம்மா, உங்களதை விடுங்க” என்றாள் கஸ்தூரி. குரலில் நம்பிக்கை இல்லை.

தெய்வாத்தாளின் ஊரி உள்ளே போனதும் கவிழ்ந்தது. சக்கரம் உயரமாக இருந்ததால் கவிழ்ந்தபடியே நகர்ந்தது. கல் விழுந்தது, வாங்கிக்கொண்டது. ஒரு பள்ளத்தில் உருண்டது, பாறையில் தோளை இடித்துக்கொண்டது, மறுபடியும் உருண்டது. பார்க்கச் சகிக்காமல் ஆறுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் ஊரியின் ஒலிவாங்கி வழியாக ஒரு தொண்டை கனைப்பது கேட்டது.

“யாருங்க அது, தலைகீழா வர்றது?”

“நாந்தானுங்க. குழாயப் புடிச்சுக்குங்க. இன்னொருக்கா உருண்டா நான் பொறுப்பில்ல.”

நாச்சிமுத்து தண்ணீர் குடிக்கும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கல்லை அகற்றி அவரை வெளியே எடுக்கும்வரை அந்தக் குழாயில்தான் மூச்சு விட்டார்.

கஸ்தூரி உடைந்த சட்டகங்களை மேசையில் பரப்பிப் பார்த்தாள். கவிழவே கவிழாத வண்டியின் முதுகுக்கு அடி என்றால் என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. தெரியாத இடத்தில் உலோகம் ஏன் தங்கப் போகிறது? தெய்வாத்தாளின் சட்டகம் மட்டும் அவள் விழுந்த ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு புடைப்பை வைத்திருந்தது.

உடனே உத்தரவு வந்தது. எல்லாரும் தினமும் தங்கள் ஊரியைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தார்கள். சொகுசாகக் கவிழ்த்தார்கள்: புல் இருக்கும் பக்கமாக, ஒரே சரிவில், வலது தோள் பட. எல்லாச் சட்டகத்திலும் வலது தோள் மட்டும் வீங்கியது. பிறகு உருளைப் பொறி ஒன்றில் போட்டுக் குலுக்கினார்கள். உலோகம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி, எந்தப் பக்கத்துக்கும் போதாமல் போனது. மலையில் கல் சமமாக விழுவதில்லை. மேலே போக வேண்டும் என்று மனதார முயன்ற கை, முடியாமல் எங்கே விழுகிறதோ, அங்கேதான் மலையும் அடிக்கிறது. அந்த விழுகையை நடித்துக் காட்ட யாராலும் முடியவில்லை.

அதனால் விதி தலைகீழானது. கை தேறாதவர்கள்தான் ஓட்டலாம். ஆறுச்சாமியைக் குழாய் சுற்றும் வேலைக்கு மாற்றினார்கள். மாதம் ஒருமுறை கைத்தேர்வு: பயிற்சிப் பாறையில் வழுக்காமல் ஏற்றிவிடுகிறவர் விலக வேண்டும். தெய்வாத்தாளின் பெயரை நிலையத்தின் முகப்பில் எழுதினார்கள். ஆலையில் கூட வேலை செய்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, “கவுத்தறதுக்கெல்லாம் பேரு போடறாங்களா” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

ஆனால் கை சும்மா இருக்குமா? தினமும் ஓட்டினாள். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் தாங்கும் என்று விரலுக்குத் தெரிய ஆரம்பித்தது. அவள் கேட்காமலேயே தெரிந்தது. ஒருநாள் சட்டகத்தைத் துடைக்கும்போது முதுகுக் கம்பி துணிக்கடியில் வளைந்து கொடுத்தது. தெய்வாத்தாள் துணியை வைத்துவிட்டு விரலால் தடவினாள். மெலிந்திருந்தது.

இடது கைக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தாள். சில வாரம் நன்றாகக் கவிழ்ந்தது. பிறகு இடது கையும் கற்றுக்கொண்டது.

குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஆறுச்சாமிதான் முதலில் கண்டுபிடித்தான்.

“அக்கா, சுமை தூக்கி நாளாச்சுங்களே.”

“வாயை மூடு தம்பி.”

“நான் சொல்ல மாட்டேன். தேர்வன்னைக்கு உச்சிக்கிட்ட போயி முன்சக்கரத்த ஒரு வெட்டு வெட்டுங்க, போதும். பொறியாளரம்மாவுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும், எது தானா விழுகுது, எது வேணும்னு விழுத்தாட்டறதுன்னு.”

“உனக்குத் தெரிஞ்சா கல்லுக்கும் தெரியுமல்லொ?”

ஆறுச்சாமி சுருளை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஆலைக்கா போவீங்க?”

“ஆலையில யாரு சேப்பாங்க. இந்தக் காலை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல.”

தேர்வன்று கஸ்தூரி நிழலில் நின்றாள். தெய்வாத்தாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஊரி ஏறியது. பாதிக்கு மேல் எப்போதும் ஆடும் கல் ஒன்று வந்தது. இங்கே விழுந்தால் வேலை இருக்கும். முகப்பில் பெயர் இருக்கும். உள்ளே மாட்டுகிற அடுத்த ஆள் குழாய்க்காகக் காத்திருப்பான், முதுகு மெலிந்த வண்டி ஒன்று அவனை நோக்கி அழகாக வந்துகொண்டிருக்கும்.

அவள் விரல் ஊரியைக் கல்லைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனது. சக்கரம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தது. ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. ஊரி உச்சியில் ஏறி நின்றது.

“அடேயப்பா” என்றான் ஆறுச்சாமி, மெதுவாக. அந்தப் பாறையில் அவனே அப்படி ஏற்றியதில்லை.

கஸ்தூரி நிழலிலிருந்து வெளியே வந்தாள். “கடைசியில இப்படி ஒரு கை…” என்று ஆரம்பித்தவள், “மன்னிச்சுக்கோங்கம்மா” என்று முடித்தாள்.

“நீங்க என்னுங்க பண்ணுவீங்க. மொதல்ல வராதுன்னு போகச் சொன்னீங்க. இப்ப வந்துருச்சுன்னு போறேன்.”

அவள் இடத்துக்கு நிலையத்தில் சோறாக்கும் பழனாத்தாளை எடுத்தார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தெய்வாத்தாள் பெட்டியை நீட்டினாள். பழனாத்தாள் அதை வாங்கி, முன்பக்கம் பின்பக்கம் தெரியாமல், தலைமாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“இப்படித்தானுங்களா?”

பெட்டியை நேராக்கிக் கொடுக்கத் தெய்வாத்தாளின் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்தி, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“எனக்கென்னம்மா தெரியும்” என்றாள். “நீ ஓட்டு.”