கூட்ஸ் வண்டி நிற்கும் தூரம்

காபித் தம்ளரை நாத்தனார் வைத்த வேகத்தில் பாதிக் காபி மேஜையில் வழிந்தது. அண்ணி துணியை எடுத்துத் துடைத்தாள். ஆறு மாதமாக இப்படி அவள் துடைத்த காபியைக் குடத்தில் பிடித்து வைத்திருந்தால் ஒரு கல்யாணத்துக்கே பரிமாறியிருக்கலாம்.

"நாளைக்கு அவர் வேலையில சேரப் போறாராமே?" என்றாள் நாத்தனார். கூடப் பிறந்த அண்ணனைத்தான் 'அவர்' என்றாள்.

"ஆமாம்மா... நாளைக்கும் போகலைன்னா வேலையே போயிடும்."

"போகட்டுமே! என் புருஷனுக்குக் கால் போச்சே, அது திரும்பி வந்துச்சா? உங்க வீட்டுக்காரர் மறுபடி இஞ்சின்ல ஏறினா, நான் என் புருஷனைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போயிடுவேன். அப்புறம் அண்ணனும் கிடையாது, அண்ணியும் கிடையாது... சொல்லிட்டேன்!"

அண்ணியின் கணவர் கூட்ஸ் வண்டி டிரைவர். ஊர்க்கோடியில் ஆளில்லாத ரயில்வே கேட் ஒன்று இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தத் தண்டவாளத்தில் நாத்தனாருடைய கணவரின் ஸ்கூட்டர் சக்கரம் மாட்டிக்கொண்டது. மனிதர் வண்டியை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வண்டியை விட மனசு வராமல் இழுத்துக்கொண்டே நின்றார். சரிவில் இறங்கி வந்தது ஒரு கூட்ஸ். அதை ஓட்டி வந்தவர் அவருடைய சொந்த மச்சான்! உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள் டாக்டர்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

டிரைவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். நாத்தனார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 'அவங்க ஆளை அவங்க விட்டுக் கொடுப்பாங்களா?' என்பதோடு அவளுக்கு விசாரணை முடிந்தது.

நாத்தனாரும் கணவரும் குடியிருந்தது மாடி வீடு. படியேற முடியாதவரை அங்கே எப்படி விடுவது? அண்ணிதான் இருவரையும் இங்கே அழைத்து வந்தாள். துணிக்கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள். புண்ணுக்குக் கட்டு மாற்றினாள், தோள் கொடுத்து நடக்கப் பழக்கினாள். அதற்குக் கிடைத்த பட்டம் என்ன தெரியுமா? "செஞ்ச தப்பு உறுத்துதுல்ல... அதான் விழுந்து விழுந்து செய்யறாங்க!" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் நாத்தனார் சொன்னது சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டது. அண்ணி அன்றைக்கும் நேரத்துக்குச் சோறு வடித்தாள். எனக்கென்னவோ அந்தப் பொறுமையைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

நாத்தனார் கையில் ஒரு பெரிய சாட்சி வேறு இருந்தது. வீட்டின் கடைக்குட்டியான கொழுந்தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். ஓய்வு கிடைத்தால் போதும், திரையில் ரயில் ஓட்டும் விளையாட்டில் உட்கார்ந்துவிடுவான். ஐம்பது அறுபது வேகன் கோத்த கூட்ஸை, வாசலில் சைக்கிள் நிறுத்துகிற மாதிரி சிக்னலுக்கு ஒட்டி நிறுத்துவான். ஒருநாள் அதைப் பார்த்த நாத்தனார் வீடே அதிரக் கத்தினாள்.

"பாருங்க எல்லாரும்! விளையாட்டுப் பய இவனே நிறுத்துறான்! இருபது வருஷமா ஓட்டினவருக்கு நிறுத்தத் தெரியலையா? பார்த்த உடனே பிரேக்கைப் போட்டிருந்தா என் புருஷன் முழுசா இருப்பார்!"

டிரைவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து எழுந்து போனார். அந்தத் திரையை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் அவருக்கே விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் விபத்துக்குப் பிறகு தண்டவாளம் என்றாலே, படத்தில்கூட, அவரால் பார்க்க முடியவில்லை. தங்கை சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

இன்றைக்கும் மேஜையருகே நடந்ததெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்தபடி, "நான் போகலை. வேலை வேணாம்னு எழுதிக் கொடுத்துடறேன்" என்றார்.

"ரயிலை விட்டா உங்களுக்கு வேற என்னங்க தெரியும்?"

"தெரிஞ்ச லட்சணம்தான் பார்த்தோமே."

இந்த மனிதர் நாளைக்குப் போகாவிட்டால் இந்தப் படியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடுவார் என்று அண்ணிக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கொழுந்தனுக்குக் காபி கொண்டுபோனாள். விடுமுறை நாள், ரயில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வண்டி ஒரு கேட்டின் முன்னால் சமர்த்தாக நின்றது. அவள் அதையே பார்த்தாள்.

"ஏன் தம்பி... இந்த வேகன்ல எல்லாம் என்ன சரக்கு?"

"ஒண்ணும் இல்லை அண்ணி. எடையை எடுத்துட்டேன். விளையாட்டையே 'எளிது'ல போட்டிருக்கேன்."

"எடுத்துட முடியுமா அதெல்லாம்?"

"பின்னே? 'நிஜம்'னு ஒண்ணு இருக்கு. நிலக்கரி எடை, சரிவு, பிரேக் காத்து, எல்லாம் உள்ளபடியே வரும். ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு விட்டுட்டேன். அதுல எவன் ஆடுவான்? நிறுத்தவே முடியாது, போய்க்கிட்டே..."

சொல்லிக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்தினான். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி... அக்கா பார்த்தது இந்த எளிது வண்டியைத்தான்..."

"அதை 'நிஜம்'னு மாத்து" என்றாள் அண்ணி. "எடையைப் போடு. சரிவைப் போடு. உங்க அண்ணன் ஓட்டின மாதிரியே வை."

நேராக நாத்தனாரிடம் போனாள். மடித்துக்கொண்டிருந்த துணியை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"வா. வந்து நீயே அந்த ரயிலை நிறுத்து."

"என்ன அண்ணி, விளையாட்டா இருக்கா உங்களுக்கு?"

"இல்லைம்மா. நீ நிறுத்திட்டேன்னா அவர் இனிமே இஞ்சின் பக்கமே போக மாட்டார். நீங்க ரெண்டு பேரும் எங்கேயும் போக வேணாம், நாங்க ரெண்டு பேரும் இந்த வீட்டை விட்டுப் போயிடறோம். இது சத்தியம்!"

ஆறு மாதமாக வாய் திறக்காதவள் இப்படிப் பேசியதும் நாத்தனாருக்கே திக்கென்றது. ஆனாலும் ரோஷம் யாரை விட்டது? விறுவிறுவென்று வந்து திரை முன்னால் உட்கார்ந்தாள். கொழுந்தன் பிரேக் எது, ஹாரன் எது என்று காட்டினான்.

"சரிவுல இறங்குது அக்கா. ஒரு வளைவு வரும். அது தாண்டினதும் கேட் தெரியும். தெரிஞ்ச உடனே போடு."

வளைவு வந்தது. தூரத்தில் கேட் ஒரு புள்ளியாகத் தெரிந்ததுமே நாத்தனார் பிரேக்கை முழுசாக அழுத்தினாள்.

வண்டி கேட்கவில்லை.

"டேய், போட்டுட்டேன்டா!"

"வேலை செய்யுது அக்கா. குழாய்ல காத்து இறங்கி, அது கடைசி வேகன் வரைக்கும் போகணும்ல? முன்னாடி பிடிச்சாலும் பின்னாடி இருக்கறதெல்லாம் இன்னும் தள்ளிக்கிட்டுதான் வரும்."

கேட் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாத்தனார் பிரேக்கை அழுத்திய விரலை எடுக்காமல், யாரும் சொல்லாமலே இன்னொரு கையால் ஹாரனை அழுத்தினாள். கேட் வண்டிக்கு அடியில் போய் மறைந்தது. அதற்கப்புறமும் ரயில் போனது, போனது, வெகுதூரம் போய்த்தான் நின்றது.

"தப்பா ஏதோ பண்ணிட்டேன். இன்னொரு தடவை வை."

இரண்டாம் தடவை வளைவிலேயே, கேட் கண்ணில் படும் முன்னாலேயே போட்டாள். அப்போதும் நிற்கவில்லை. மூன்றாம் தடவை அவள் கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாக வழிந்தது. பந்தயமெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. அந்த வெற்றுக் கேட்டில் ஸ்கூட்டரை இழுத்தபடி தன் புருஷன் நிற்பதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அவரை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அழுத்தினாள்.

"நில்லு... நில்லேன்! ஐயோ, நிக்க மாட்டேங்குதே அண்ணி... போட்டுட்டேன், நிக்கவே மாட்டேங்குதே!"

"நிக்காதும்மா" என்றாள் அண்ணி மெதுவாக.

நாத்தனார் கையை எடுத்தாள். "இவ்வளவு தூரமும் அண்ணன் பார்த்துக்கிட்டேவா வந்தார்?" என்று கேட்டாள்.

நாத்தனார் திரும்பி அண்ணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு புடவையில் முகத்தைப் புதைத்தாள்.

"நான் பேசின பேச்சுக்கெல்லாம் நீங்க ஒரு அறை விட்டிருக்கலாமே அண்ணி! கட்டு மாத்துற கையைப் போய் நான்... ஏன் அண்ணி பொறுத்துக்கிட்டீங்க?"

"வலியில பேசுற பேச்சு அது. அதுக்குப் போய் அறைவாங்களா?" என்று அண்ணி அவள் தலையைக் கோதினாள். "என்கிட்ட அழுதது போதும். அங்க ஒருத்தர் படியில உக்காந்திருக்கார், போ."

பின்வாசலில் டிரைவர் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். நாத்தனார் போய் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் தோள் குலுங்கியது.

"நாளைக்கு நீ வேலைக்குப் போ அண்ணா. நான் போகச் சொல்றேன். உன்னால நிறுத்தியிருக்க முடியாது... யாராலயும் முடியாது. நான் இப்பதான் பார்த்தேன்." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "பிரேக்கைப் போட்டப்புறம் அவ்வளவு தூரம்... அவ்வளவு நேரம் என்ன அண்ணா பண்ணே?"

ஆறு மாதமாக யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. விசாரணையில்கூடப் பிரேக்கை எப்போது போட்டீர் என்பதோடு விட்டுவிட்டார்கள்.

"கிட்ட வர வர யாருன்னு தெரிஞ்சுடுச்சும்மா... ஹாரனை விடலை. ஜன்னல்ல தலையை நீட்டி 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை'ன்னு கூப்பிட்டேன். அந்தச் சத்தத்துல எங்க கேக்கும்? தெரியும். தெரிஞ்சும் கூப்பிட்டுக்கிட்டே வந்தேன்..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. தங்கை எழுந்து அவர் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி விம்மினார்கள்.

உள்ளே ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. நாத்தனாரின் கணவர் கதவுவரை தானாகவே நடந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கன்னமும் நனைந்திருந்தது.

"இப்ப கேக்குது மச்சான்" என்றார். "வாங்க உள்ள."

டிரைவர் எழுந்து போய், தடுமாறியவரைத் தோளில் தாங்கிக்கொண்டார். அண்ணி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்பில் பாத்திரத்தை வைத்தாள், பற்றவைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, ஆறு மாதத்துக்கும் சேர்த்து, ஆசை தீர அழுதாள்.