ஓரத்தில் புகுந்த தண்ணீர்

“ஏட்டி அனு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அங்கனயே நில்லு. எதையும் தொட்டுராத!”

அனுசியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாயைத்தான் கட்ட முடியவில்லை. “யக்கா! எம்புட்டுப் பச்சை!”

அக்கா பானுப்பிரியா ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சோறு கொண்டுவந்த சாக்கில் அனுசியா ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

ஊதா விளக்கின் கீழ் ஒரு மெல்லிய தகடு பச்சையாக ஒளிர்ந்தது. அதற்குள் இருப்பவை பெரோவ்ஸ்கைட் நானோ படிகங்கள். கண்ணுக்கே தெரியாத பொடிசுகள். ஆனால் வெளிச்சமோ கண்ணைப் பறிக்கும்! ஒரே தொல்லை, தண்ணீர் பட்டால் போச்சு, மங்கிவிடும்.

“நாலு மணிக்கு எங்க கைடு எட்வின் சார் வாராக. தண்ணிக்குள்ளயும் இது ஒளிரணும். இல்லேன்னா இதை விட்டுட்டு வேற ஆராய்ச்சி பாருன்னு சொல்லிட்டாக” என்றாள் அக்கா.

தகட்டின் மேலும் கீழும் பிளாஸ்டிக் பூச்சு பூசியிருந்தாள். ஒரு துண்டை வெட்டிக் கிண்ணத் தண்ணீரில் போட்டாள். செத்த நேரத்தில் மங்கிப்போனது.

“பூச்சு பத்தல.” இன்னும் கெட்டியாகப் பூசி, இன்னொரு துண்டை வெட்டிப் போட்டாள். அதுவும் மங்கத் தொடங்கியது. அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அனுசியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிய கையை அவிழ்க்காமல் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். அடடே! நடுவில் இன்னும் பச்சை இருந்தது. நாலு பக்கமிருந்தும் இருட்டு உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தது.

“யக்கா! தண்ணி மேல இருந்து போகல, பக்கவாட்டுல போவுது!”

“என்னட்டி சொல்ற?”

“நீ பூசிட்டுத்தான வெட்டுற? வெட்டுன ஓரத்துல பூச்சே இல்லையே! மொதல்ல வெட்டு, பொறவு பூசு.”

அக்கா குனிந்து பார்த்தாள். “அட என் மூளையே! இத்தன நாளும் மேல மேலயே பூசிக்கிட்டுக் கெடந்திருக்கேனே!”

மிச்சத் தகட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டினாள். இடுக்கியால் பிடித்துச் சுற்றிலும் பூசி, ஊதா விளக்கில் காட்டிப் பூச்சை இறுக வைத்தாள். எட்வின் சார் வந்ததும், மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் போட்டாள்.

மூன்று பேரும் கிண்ணத்தையே பார்த்தார்கள். நேரம் போனது. ஓரம்கூட மங்கவில்லை. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பானு, இதையே தொடருங்க! இது யாரு யோசனை?”

“என் தங்கச்சி யோசனை, சார்.”

அனுசியாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. “சார், பெரிய வாளி இருக்கா? இன்னும் நிறையத் தண்ணியில போட்டுப் பாப்போம்!”

எட்வின் சார் எழுந்து, வாளி எடுக்கத் தானே ஓடினார்.