வலது பிளேடில் துரு

காலை 8.10. மாதாப்பூர் வணிக வளாகம் ஒன்றின் அடித்தளத்தில் இருந்த பனிச்சறுக்குத் தளத்தில் தாரிணி தாவினாள். காற்றில் இரண்டு சுற்றுச் சுழன்று வலது காலில் இறங்கினாள். இறங்கிய வேகத்தில் வலது பூட்ஸின் குதிகாலிலிருந்து பிளேடு பிய்த்துக்கொண்டு வந்தது. அவளுடைய பின்மண்டை தளத்தின் ஓரச் சுவரில் மோதியது. அவள் ஆடுவதற்காகப் போட்டிருந்த இசை மட்டும் முடியும்வரை ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. தாரிணிக்குப் பதினேழு வயது. தார்நாகாவில் குடியிருக்கும் விஞ்ஞானி சாரங்கபாணியின் ஒரே மகள்.

அது 2009ஆம் வருடம். அடுத்து வரும் குளிர்கால ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றுக்கு நாட்டிலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்பலாம் என்ற நிலை. கடைசிவரை நின்றவர்கள் தாரிணியும் ஹர்ஷிதாவும். இருவருக்கும் பயிற்சியாளர் ஒருவரே, ரோஸ்லின். யாரை அனுப்புவது என்று பார்க்கத் தேர்வுக் குழுவினர் அன்று காலை வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

9.30. இன்ஸ்பெக்டர் ஆக்னஸ் ஒரு கான்ஸ்டபிளோடு வந்து சேர்ந்தாள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். பனித்தளத்தை அவள் பார்ப்பது இதுவே முதல் முறை. சாதாரண ஷூ வழுக்கியதால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ரோஸ்லின் தாரிணியின் பூட்ஸ் இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஸ்குரூவைப் பாருங்க மேடம். இடது பூட்ஸ்ல இருக்கறது நீளமான ஸ்குரூ. வலது குதிகால்ல மட்டும் குட்டை ஸ்குரூ. தோல்ல கொஞ்சம்தான் பிடிச்சிருக்கு. நடந்தாத் தெரியாது, சும்மா சறுக்கினாலும் தெரியாது. தாவி இறங்கினா அவ்வளவுதான்."

"அப்போ இது விபத்து இல்ல."

"இல்ல."

ஆக்னஸ் இரண்டு பிளேடுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இடது பிளேடு கண்ணாடிபோல் இருந்தது. வலது பிளேடின் விளிம்பு நெடுகப் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு. அவள் இரண்டையும் கீழே வைத்தாள்.

பூட்ஸ்கள் இரவில் உடைமாற்றும் அறையில்தான் இருக்கும். சாவி ஆணியில் தொங்கும். முந்தின நாள் மாலை பயிற்சி முடிந்தபின் அந்த அறைக்குள் போனவர்கள் யார் யார் என்று ஆக்னஸ் கேட்டாள். பனியைச் சமன்செய்யும் இயந்திரத்தை ஓட்டும் செல்லப்பா பதில் சொன்னார். பிளேடு பொருத்துவதும் அவர் வேலைதான்.

"ரோஸ்லின் மேடம் போனாங்க. நான் போனேன். அந்தப் பொண்ணு ஹர்ஷிதா போச்சு. அப்புறம் அதோட அப்பா, பொண்ணு தண்ணி பாட்டிலை விட்டுடுச்சுன்னு எடுக்க வந்தாரு."

"ஸ்குரூ டிரைவர் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான். ஸ்குரூ டப்பாவோட அந்த அறையிலயே கிடக்கும்." செல்லப்பாவின் முகம் மாறியது. "கைக்கு மேடம், எதுக்கு என்னை இப்படிப் பாக்கறீங்க? அந்தப் பொண்ணு செத்தா எனக்கு என்ன வரப்போகுது?"

"நக்கோ, கத்தாதீங்க. எல்லாரையும் இப்படித்தான் பாப்பேன். வேற ஏதாவது பாத்தீங்களா?"

அவர் தயங்கினார். "காலையில ரெண்டு பொண்ணுங்களுக்கும் சண்டை. 'என் பூட்ஸை எதுக்குத் தொட்டே'ன்னு தாரிணி கத்திச்சு. ஹர்ஷிதா அழுதுச்சு."

10.15. ஹர்ஷிதா பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. பிளேடுகளைத் துண்டால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் துணி உறை மாட்டிப் பையில் வைத்தாள். பனித்தளத்தின் ஓரத்தில் நடக்கும்போது போட்டுக்கொள்ளும் கெட்டி பிளாஸ்டிக் உறைகளைப் பையின் வெளிப்பக்கத்தில் தனியாகச் செருகினாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தாரிணி உன்னை எதுக்குத் திட்டினா?"

"தெலீது மேடம், தெரியாது. யாரோ அவ பூட்ஸை எடுத்திருக்காங்கன்னு சொன்னா. நேனு காது, நான் இல்ல. ஐ ஸ்வேர்."

"எடுத்திருக்காங்கன்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"சொல்லல. வார்ம் அப்புக்கு டைம் ஆயிடுச்சு."

"அவ இல்லேன்னா நீதானே போவே?"

ஹர்ஷிதா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அவளுடைய அப்பா கணேஷ்குமார் விடுவிடுவென்று வந்தார். கோயம்புத்தூர்க்காரர். மாதாப்பூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மேலாளர். கல்லூரி நாட்களில் ரோலர் ஸ்கேட்டிங்கில் மாநில அளவில் பரிசு வாங்கியவர். மகளுக்கு முதன்முதலில் சக்கரம் மாட்டிவிட்டதும் அவர்தான்.

"சின்னப் புள்ளைங்க மேடம். இவளைப் போய் மிரட்டறீங்களே! டூல்ஸ் வச்சிருக்கற ஆளை விட்டுட்டீங்க?"

"சந்தேகம் உங்க பொண்ணு மேலதான் சார் விழுது. போட்டியில நின்னவ அவ. சண்டை போட்டவளும் அவ."

"இவ எதுக்குங்க பண்ணணும்? இன்னைக்கு ஒருநாள் நல்லா ஆடி ஜெயிச்சாப் போதும், இவளுக்குத்தான் சீட்டு. இவளுக்கு அந்தத் திறமை இருக்குதுங்க."

"நீங்க தினமும் கூட வருவீங்களா?"

"அஞ்சு வருசமா விடியக்காலை நான்தாங்க கார்ல கூட்டிட்டு வர்றேன்."

"உள்ள வந்து பாப்பீங்களா?"

"அந்த நேரத்துலதான் அமெரிக்கா கால் இருக்கும். பார்க்கிங்லயே உக்காந்து பேசிடுவேன்."

ஆக்னஸ் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். ரோஸ்லினைத் தனியாக அழைத்துத் துருவைக் காட்டி ஒரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டதும் தாரிணியின் பழைய பூட்ஸ் ஒரு ஜோடி வேண்டும் என்றாள். பிறகு தேர்வு முறை பற்றி இன்னொரு கேள்வி. அதற்கான பதிலை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள் ஆக்னஸ்.

11.00. உடைமாற்றும் அறை. மேஜைமேல் நனைந்த பூட்ஸ் ஜோடி ஒன்று இருந்தது. பக்கத்தில் துண்டு, துணி உறைகள், பிளாஸ்டிக் உறைகள், ஒரு பை.

"தாரிணியோட அப்பா வர்றாரு. பொண்ணோட பழைய பூட்ஸைக் கேக்கறாரு. ராத்திரிக்கு எடுத்து வைக்கற மாதிரி வச்சுக் குடுங்க" என்று ஆக்னஸ் சொல்லி ஒவ்வொருவரையும் தனியே அனுப்பினாள். ஒருவர் வெளியே வந்ததும் ரோஸ்லின் பூட்ஸை மறுபடி நனைத்து வைத்தாள்.

செல்லப்பா துடைத்தார். துணி உறையை மாட்டினார். ஹர்ஷிதாவும் அப்படியே செய்தாள், அழுதபடியே.

கடைசியாகக் கணேஷ்குமார் போனார். பூட்ஸைத் தூக்கி, பிளாஸ்டிக் உறைகளை டப் டப்பென்று மாட்டி, பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். துணி உறைகள் மேஜையிலேயே கிடந்தன.

ஆக்னஸ் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாள்.

"கணேஷ்குமார் சார், இந்தத் துணி எதுக்குன்னு தெரியுமா?"

"பேக் பண்றதுக்குங்களா?"

"ஹவ், ஆமா, ராத்திரி பேக் பண்றதுக்கு. பிளாஸ்டிக் உறை நடக்கறதுக்கு மட்டும்தான். அதுக்குள்ள தண்ணி நிக்கும். அதைப் போட்டு ராத்திரி வச்சா, விடியறதுக்குள்ள பிளேடு துருப்பிடிக்கும். இங்க சறுக்கறவங்க, பிளேடு பொருத்தறவர், யாருமே அப்படி வைக்க மாட்டாங்க. தாரிணி நேத்து சாயங்காலம் ரெண்டு பிளேடையும் துடைச்சுத் துணி மாட்டித்தான் வச்சா, ரோஸ்லின் பாத்திருக்காங்க. காலையில வலது பூட்ஸ் மட்டும் பிளாஸ்டிக் உறையில இருந்திருக்கு. யாரோ தொட்டிருக்காங்கன்னு அதை வச்சுத்தான் அவளுக்குத் தெரிஞ்சது. பாவம், ஸ்குரூவைப் பாக்க நேரம் இல்ல."

ஆக்னஸ் துருப்பிடித்த பிளேடை அவர்முன் வைத்தாள்.

"ரோலர் ஸ்கேட்டுக்கு உறை கிடையாது. சக்கரம் துருப்பிடிக்காது. ஆனா ஸ்குரூ மாத்த உங்களுக்கு நல்லாத் தெரியும். வேலை முடிஞ்சதும் கைக்குக் கிடைச்ச உறையை மாட்டிட்டுத் தண்ணி பாட்டிலோட போயிட்டீங்க."

கணேஷ்குமார் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "விழுவான்னுதாங்க நினைச்சேன். விழுந்து மார்க் போகும், அவ்வளவுதான். சாவான்னு... சத்தியமா நினைக்கலைங்க."

"விழுந்திருந்தாலும் உங்க பொண்ணு போயிருக்க முடியாது" என்றாள் ரோஸ்லின். குரல் மரத்துப்போயிருந்தது. "ரோலர்ல ஒருநாள் போட்டியில ஜெயிச்சவங்களை அனுப்புவாங்க. இங்க அப்படி இல்ல சார். ரெண்டு வருசமா வெளிநாட்டுல என்ன ஆடினாங்கன்னும் குழு பாக்கும். அதுல தாரிணி எங்கேயோ இருந்தா. இன்னைக்குக் கீழ விழுந்து எழுந்திருந்தாலும் அவதான். போன மாசம் பெற்றோர் கூட்டத்துல தெளிவாச் சொன்னேன். நீங்க போனை எடுத்துட்டு வராந்தாவுக்குப் போயிட்டீங்க."

"ஹர்ஷிதாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

"தெரியும். அடுத்த ஒலிம்பிக்குக்குப் பாத்துக்கறேன்னு என்கிட்ட சொல்லியிருந்தா."

கணேஷ்குமார் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கான்ஸ்டபிள் அவருடைய கையைப் பிடித்தார்.

குழுத் தலைவர் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "விதிப்படி இப்போ இடம் ஹர்ஷிதாவுக்கு..." என்று ஆரம்பித்தவர், அறையில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஹர்ஷிதா அப்பா கட்டிவைத்த பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றித் தண்ணீரை உதறினாள். பிளேடுகளைத் துடைத்தாள். ஒன்றுக்குத் துணி உறை மாட்டினாள், பிறகு மற்றதற்கும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"நானா," என்று அப்பாவைக் கூப்பிட்டாள், தலை நிமிராமல். பிறகு, தெலுங்கே ஒலிக்கும் வீட்டில் அதிகம் பேசாத தமிழில் கேட்டாள். "அஞ்சு வருசத்துல ஒருநாள்கூட நீங்க உள்ள வந்து பாக்கலையா?"

அவருடைய சட்டைப்பையில் கைப்பேசி அதிரத் தொடங்கியது. எடுக்க இந்த முறை கை எழவில்லை.

ஹர்ஷிதா பையை மூடி ரோஸ்லினிடம் கொடுத்தாள். தன்னுடைய பையையும் ரோஸ்லினின் காலடியில் வைத்தாள். வெறும் கையோடு படியேறிப் போனாள்.