தைத்த ஆல்பத்தில் தொலைந்த பக்கம்

"சார், முதல் பக்கத்தையே காணோம்! யாரும் கிழிச்ச அடையாளம்கூட இல்ல!"

தோலட்டை போட்ட புகைப்பட ஆல்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு அந்தப் பெண் அழுதாள். முதன்முதலாகத் தன் கையாலேயே தைத்து ஒட்டிய ஆல்பம். தொலைந்த பக்கத்தில் இருந்தது, இறந்துபோன அம்மாவின் ஒரே படம்.

துப்பறிவாளரை ஊரே 'நிதானம்' என்றுதான் அழைக்கும். கூடவே திரியும் மைத்துனனை அப்படி அழைக்க வழியில்லை.

"யார்மேல சந்தேகம்?" என்று அவன் அதற்குள் நோட்டைப் பிரித்துவிட்டான்.

"அண்ணிமேல. நேத்து ஆல்பத்தை ஒட்டி, பாரம் வச்சுக் காயவிட்டிருந்தேன். அந்த அறைக்குள்ள போனது அவங்க மட்டும்தான். அம்மா படம் வேணும்னு முன்னாடியே கேட்டாங்க. 'எடுத்தீங்களா'ன்னு கேட்டுட்டேன். இப்ப பெட்டியைக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க, சார்."

"பிளேடால வெட்டியிருப்பாங்க, மாமா!"

"வெட்டினா தையல் ஓரத்துல துண்டு நிக்கும். நிக்கலையே" என்றார் நிதானம். "நூல்லயும் இவங்க போட்ட முடிச்சு அப்படியே இருக்கு."

மைத்துனன் பேந்தப் பேந்த விழித்தான். தைத்த நூல் தைத்தபடி இருக்கப் பக்கம் மட்டும் எப்படிப் போகும்? எழுதுகிற எனக்கே தலை சுற்றுகிறது.

நிதானம் அட்டைகளை விரித்தார். பின்னட்டையின் உட்புறம் நீலம். முன்னட்டையின் உட்புறமோ ஆல்பப் பக்கங்களைப் போலவே கறுப்பு.

"அட்டைக்கு உள்பக்கம் ஒட்ட நீலத் தாள் எத்தனை வெட்டினீங்க?"

"அட்டைக்கு ஒண்ணா ரெண்டு. ஒண்ணு மிச்சமாயிடுச்சு." பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"ரெண்டு அட்டைக்கு ரெண்டு தாள். அதுல எப்படி மிச்சம் விழும்?"

அவள் மிச்சத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா படத்தை ஒட்டினதும் என்ன பண்ணீங்க?"

"பார்க்க முடியல சார், அழுகையா வந்தது. மேல பக்கத்தளவுக்கு ஒரு தாளை வச்சு, ஓரத்துல மட்டும் பசை தொட்டு மறைச்சேன். வேலை முடிஞ்சதும் எடுத்துடலாம்னு நினைச்சேன்."

"அப்புறம் அட்டையில பசை தடவி மூடினீங்க. நடுவுல நீலத் தாளை வைக்க மறந்துட்டீங்க. அட்டை முதல் பக்கத்தையே பிடிச்சுக்கிச்சு. பக்கம் எங்கயும் போகல."

அவர் அந்தக் கறுப்பைக் கட்டைவிரலால் தடவினார். நடுவில் ஒரு படத்தின் அளவுக்கு மேடு தட்டியது. மெல்லிய கத்தியை ஓரமாகச் செருகித் தூக்கினார். மறைப்புத் தாள் அட்டையோடு நின்றுவிட்டது, பக்கம் மட்டும் பிரிந்து வந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு சொட்டுப் பசை இல்லை.

"ஐயோ, அண்ணி முகத்துல எப்படி முழிப்பேன்!"

"ஆல்பத்தைத் திறந்தபடியே எடுத்துட்டுப் போங்க" என்றார் நிதானம்.

அவள் வீடு திரும்பியபோது அண்ணி வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, ஒளிச்சு வச்சது நான்தான். எனக்கே தெரியாம. மன்னிச்சிடுங்க."

அண்ணி படத்தை வெகுநேரம் பார்த்தாள். "ஒழுங்கா ஒட்டத் தெரியல, என்னைத் திருடின்னு சொல்ல மட்டும் தெரிஞ்சுதா?" என்றாள். நாத்தனார் மிச்சமிருந்த நீலத் தாளை நீட்டினாள்.

கட்டிய பெட்டியை அண்ணி அவிழ்க்கவில்லை. ஆனால் நீலத் தாளை வாங்கிக்கொண்டாள்.

"தாளை நான் பிடிச்சுக்கறேன். நீ பசையைத் தடவு. இந்தத் தடவை பார்த்துத் தடவு."