காட்டு வாசலில் இரண்டு கொப்பு

கஜேந்திரனின் காலில் ஒரு அட்டைகூட இல்லை. பிரேமினிக்கு முதலில் பொறாமைதான் வந்தது. காலையில் அட்டை ஏறாமலிருக்க இரண்டு பேர் காலிலும் சவுக்காரத்தை அழுத்தித் தேய்த்துவிட்டவளே அவள்தான். மழை அவளுடையதை மட்டும் கழுவிக்கொண்டு போய்விட்டதா என்ன? அவள் கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. முன்னால் நடந்த புருஷனோ சேற்றில் முழங்கால்வரை புதைந்து எழுந்து போய்க்கொண்டிருந்தான்.

டயகமத் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்துக் காடு. லீவுக்கு வந்த இடத்தில், அந்திக்குள் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பிய நடை. காட்டுக்குள் நுழையுமுன் ஆளுக்கொரு கொப்பு முறித்து வாசல் மரத்தில் செருகுவது தோட்டத்து வழக்கம். கொப்பு நிற்கும்வரை உள்ளே போனவரைக் காடு திருப்பி அனுப்பும். வெளியே வந்ததும் அவரவர் கொப்பை அவரவரே எடுக்க வேண்டும்.

"காட்டுலயும் பேர் போட்டுட்டுத்தான் போகணுமா, பிரேமி?" என்று சிரித்தபடிதான் கஜேந்திரன் செருகினான்.

திரும்பும் வழியில், ஓடையருகே வழுக்கிப் புதருக்குப் பின்னால் மறைந்தான். அவள் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து வந்தான். அதன்பிறகு சிரிக்கவே இல்லை.

"என்னங்க, கொஞ்சம் நில்லுங்க. அட்டைய புடுங்கிக்கிறேன்."

நின்றான். திரும்பவில்லை. அவள் குனிந்தாள். அழுகிய இலைகளின் நாற்றத்துக்கு நடுவே, அவன் குதிகாலருகே நெளிந்த அட்டைகள் தலையைத் தூக்கி, மோந்து, விலகி, அவளை நோக்கி ஊர்ந்து வந்தன. அவன் காலில் சேறும் ஒட்டவில்லை. குளிரில் அவள் வாயிலிருந்து புகை வந்தது. அவன் வாயிலிருந்து வரவில்லை.

வாசலுக்குப் போய்விட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். விழுந்தாள். எழுந்தாள். மூடுபனிக்கு அப்பால் தேயிலையின் பச்சை தெரிந்தது. ஓடினாள்.

தன் கொப்பைப் பிடுங்கினாள். "உங்களதயும் எடுங்க, சீக்கிரம்!"

"நீயே எடு, பிரேமினி."

முழுப்பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதே கிடையாது. அது அவளுக்கு உறைப்பதற்குள் கை முந்திவிட்டது. பிடுங்கிவிட்டாள்.

அப்போது காட்டுக்குள்ளிருந்து கேட்டது.

"பிரேமீ... கால் மாட்டிக்கிச்சு... விட்டுட்டுப் போயிராத, பிரேமீ!"

கஜேந்திரனின் குரல். அழுதுகொண்டிருந்தது.

"இருங்க! இந்தா வச்சிர்றேன், வச்சிர்றேங்க!" கொப்பு நழுவியது. பொறுக்கினாள். மறுபடியும் மரத்தில் செருகினாள்.

பக்கத்திலிருந்து ஒரு வெளுத்த கை நீண்டது. சேறு இல்லை. நகக்கண்ணில்கூட இல்லை. நிதானமாகக் கொப்பை எடுத்தது.

உள்ளே குரல், "பிரே..." என்றதோடு நின்றது.

"மி" என்றான், பக்கத்தில் நின்றவன்.